அடைபட்ட குழாய்களும் அடைக்கப்பட்ட வாய்களும்

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைத் தீவு முழுவதும் பெண்ணின் உடலிலுள்ள ஓர் உறுப்பைப் பற்றிப் பேசியது. பலோப்பியன் குழாய். அதுவரை மகப்பேற்று விடுதிக்கு வெளியே அதிகம் கேட்டிராத இச்சொல் தேநீர்க் கடைகளிலும் பஸ்களிலும் ஒலித்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து ஒரு மாதமே கழிந்திருந்த வேளை அது. மே 23ஆம் திகதி சிங்கள நாளிதழ் ஒன்று, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருணாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது பெண்களின் கருக்குழாய்களை இரகசியமாக நசுக்கினார் என்பதே குற்றச்சாட்டு. நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். பிக்குகள் வீதிக்கு இறங்கினர். குற்றப் புலனாய்வுத் திணைக்களமோ அவ்வாறு நடந்ததற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றத்திடம் கூறியது. ஜூலை 25இல் அவர் பிணையில் வெளிவந்தார். பின்னர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த இலட்சக்கணக்கான ரூபாயை, 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்து வாங்குவதற்கென அரசுக்கே கொடுத்தார்.

அந்நாட்களில் என் மனதில் எழுந்த கேள்வி வேறு. ஒரு பெண்ணின் கருக்குழாயை அவளுடைய முழுச் சம்மதமின்றி அடைப்பது பெருங்குற்றம் என்று இந்த நாடு கருதுகிறது. கருதத்தான் வேண்டும். அப்படியானால், பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் தேயிலை மலைகளில் பல பத்தாண்டுகளாக நடந்தவற்றுக்கு ஏன் ஓர் ஊர்வலம்கூட நடக்கவில்லை? இல்லாத ஒன்றுக்காக நாடு கொதித்தது. இருந்த ஒன்றுக்காக ஒரு தலையங்கம்கூட எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

ஊவாவின் தோட்டப்புறங்களில் செய்தி சேகரித்து முப்பது ஆண்டுகளை எட்டுகிறேன். ஆண்மகன் நீ, இதைப்பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இதைச் செய்த துரைமார், இதற்குத் திட்டம் தீட்டிய அதிகாரிகள், இதைப் பாராமல் இருந்த தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலானோர் ஆண்களே. அவர்களைக் கேள்வி கேட்கும் கடமை எனக்கும் உண்டு.

முதலில் உடலைப் புரிந்துகொள்வோம். கருக்குழாய் என்பது பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளமே உள்ள மெல்லிய பாதை. கருப்பையின் இருபுறமும் ஒவ்வொன்று உண்டு. மாதந்தோறும் சூலகம் வெளியேற்றும் முட்டையை அதன் விரல் போன்ற முனை ஏந்திக்கொள்கிறது. விந்தணு முட்டையைச் சந்திப்பது கருப்பையில் அன்று, இக்குழாயில்தான். அங்கே உருவாகும் கரு சில நாட்களில் கருப்பையை வந்தடைகிறது. இரு குழாய்களும் அடைபட்டுவிட்டால் மாதவிடாய் ஒழுங்காக வரும், பெரும்பாலும் எந்த நோவும் தெரியாது, ஆனால் பிள்ளை தங்காது. அரைகுறையாக அடைபட்டாலோ ஆபத்து இன்னும் பெரிது. கரு குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துத் தாயின் உயிரையே கொண்டுபோய்விடலாம்.

இக்குழாய்கள் இரு விதமாக அடைபடுகின்றன. நோயால் ஒன்று, கத்தியால் மற்றொன்று. தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டும் நேர்ந்திருக்கின்றன. கத்தியால் அடைப்பதற்கு அரசாங்கம் பணம் கொடுத்தது, தோட்டம் வாகனம் கொடுத்தது. நோயால் அடைபட்டதா என்று கண்டறிய ஒருநாள் லீவுகூடக் கிடைக்கவில்லை. நான் தொடுக்கும் வழக்கு இதுதான்.

கத்தியிலிருந்து தொடங்குவோம்.

குழாயைக் கட்டி ஒரு துண்டை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையை எங்கள் நாட்டில் எல்.ஆர்.டி. என்பார்கள். லயங்களில் அதற்குப் பெயர் வெறுமனே 'ஒப்பரேசன்'. 1980ஆம் ஆண்டு முதல் இச்சிகிச்சை செய்துகொள்வோருக்கு இலங்கை அரசாங்கம் ஊக்கப்பணம் வழங்கத் தொடங்கியது. அத்தொகை பின்னர் 500 ரூபாய் வரை உயர்ந்தது. திட்டம் நாடு முழுவதற்குமானது என்பது உண்மை. ஆனால் 500 ரூபாயின் பொருள் எல்லா வீட்டிலும் ஒன்றன்று. அக்காலத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது பல வாரக் கூலி. 1984 வரை ஆணுக்குச் சமமான நாட்கூலிகூட அவளுக்கு இருக்கவில்லை. 1973, 1974இன் பஞ்சத்தில் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மடிந்ததைக் கண்ட தலைமுறை அது. பசித்த வயிற்றுக்கு முன்னால் பணத்தை வைத்துவிட்டு, பின்பு 'அவளாகவே விரும்பி வந்தாள்' என்று பதிவேட்டில் எழுதுவதைச் சம்மதம் என்பதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். தன்னை இந்நாட்டின் பிரஜை என்றே ஏற்காத ஓர் அரசின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் பெண், 'வேண்டாம்' என்று எந்தத் துணிவில் சொல்லியிருப்பாள்? தமிழ் ஆட்சிமொழியானது 1987இன் 13ஆவது திருத்தத்தால். அச்சட்டம் பிரசவ விடுதியின் கதவைத் தாண்டி உள்ளே போனதா என்பதை அங்கு படுத்திருந்த பெண்களைக் கேளுங்கள்.

நான் கேட்டிருக்கிறேன். தெமோதரை, மடுல்சீமை, நமுனுகுல பக்கங்களில் இன்று பாட்டிமாராகிவிட்ட பலர் ஒரே கதையைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிங்களத்தில் ஏதோ எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார்கள். சிலரிடம் வலியெடுத்துக் கொண்டிருக்கும்போதே கேட்டார்கள். ஊசி, மாத்திரை, லூப் என்று வேறு வழிகள் இருப்பதை எவரும் விளக்கவில்லை. மீண்டும் திறக்க முடியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தார்கள். எல்லோரும் இப்படிச் சொன்னார்கள் என்று நான் கூறமாட்டேன். நான்காவது பிள்ளைக்குப் பிறகு தாமே கேட்டுச் செய்துகொண்டவர்களும், அதனால் நிம்மதியடைந்தவர்களும் உண்டு. ஆனால் கேட்டுச் செய்துகொண்டவளையும் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவளையும் ஒரே எண்ணாகக் கூட்டி எழுதிய பதிவேட்டை நான் நம்பமாட்டேன்.

இது என் வாய்மொழிக் கதை மட்டுமன்று. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கருப்பைகளைத் திருடுதல்' என்று வரும். தேயிலைத் தோட்டங்களின் கருத்தடைத் துஷ்பிரயோகங்களே அதன் பொருள். அரசின் சொந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வைப் புரட்டினாலும் உண்மை தெரியும். 2006–07 ஆய்வின்படி பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சை தோட்டத்துறையில் நாட்டுச் சராசரியின் இரு மடங்கிற்கும் மேல். நகரத்துப் பெண்ணும் கிராமத்துப் பெண்ணும் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நாட்டில், தோட்டத்துப் பெண் மட்டும் திரும்பிவர முடியாத ஒரே வழியில் ஏன் இவ்வளவு பெருந்தொகையாக நடந்தாள்? அவளுடைய ரசனை அப்படி என்று யாராவது சொல்வார்களா?

விடை பிரட்டுக்களத்தில் இருக்கிறது. கர்ப்பிணி கொழுந்துக் கூடை சுமக்க முடியாது. பிரசவித்தவளுக்குச் சகாயப்பணம் கொடுக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் பிள்ளை மடுவத்தில் இடம் வேண்டும். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பிள்ளை என்பது செலவு. சட்டமும் அந்தக் கணக்குக்குத் துணைநின்றது. முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள் பிரசவச் சகாயம், மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் மட்டுமே என்ற விதி 2018இன் திருத்தம் வரை நிலைத்திருந்தது. மூன்றாவது பிள்ளையைப் பெற்ற தாயின் உடம்பு பாதி நாளில் தேறிவிடும் என்று சட்டம் வகுத்தவர்கள் நம்பினார்களோ?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்றுண்டு. இரத்தசோகையும் அடுத்தடுத்த பிரசவங்களும் தோட்டத்துப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்தன, ஒப்பரேசன் அவர்களைக் காப்பாற்றியது என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு பெண்ணின் உயிரைக் காக்கும். அதை எதிர்ப்பவன் நான் அல்லன். ஆனால் இரத்தசோகைக்கு மருந்து இரும்புச்சத்தும் நல்ல உணவும் நியாயமான கூலியும். அடுத்தடுத்த பிரசவத்துக்கு மருந்து இடைவெளி தரும் தற்காலிக முறைகள். ஆணுக்கான கருத்தடைச் சிகிச்சை இதைவிட எளிதானது. இவையனைத்தையும் தாண்டி நேராகப் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதற்கு வந்த அவசரம் எதற்காக?

மறுபக்கத்தில் இதை 'இனக் கருவறுப்பு' என்று மேடையில் முழங்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1953இல் நாட்டின் சனத்தொகையில் 12 வீதமாக இருந்த இந்தியத் தமிழர் 2012இல் 4 வீதமானதற்கு முதற்காரணம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றிய ஒப்பந்தங்கள். குடிசன மதிப்பீட்டில் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்தோரும் பலர். எண்ணிக்கைக் கணக்கை மட்டும் பேசுகிறவர்களுக்கு அப்பெண்ணின் உடம்பு இன்னொரு பதிவேடு. துரை அவளைக் குறைவாகப் பெறு என்றான். மேடைப் பேச்சாளர் அதிகமாகப் பெறு என்கிறார். அவளை எவரும் கேட்கவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது, அல்லது பிள்ளையே வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கும் உரிமைதான் இங்கே வழக்கு. அந்த வழக்கில் இன எண்ணிக்கைக்கு இடமில்லை.

இனி நோயால் அடைபட்ட குழாய்களைப் பற்றி. இதைப்பற்றி எழுதியவர்கள் இன்னும் குறைவு.

எந்த லயத்தில் விசாரித்தாலும் கலியாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளையில்லாத பெண் ஒருத்தியைக் காட்டுவார்கள். அவளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அச்சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். மாமியார் சாமியாடியிடம் கூட்டிப்போவாள். அவள் நேர்த்தி வைத்துக் கோவில் கோவிலாக நடப்பாள். அவளுடைய இரு குழாய்களும் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் எவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் மகப்பேறின்மையை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. பெண்களின் மகப்பேறின்மைக் காரணங்களில் கருக்குழாய்க் கோளாறுகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை இருக்கும் என்பது மருத்துவ நூல்களின் மதிப்பீடு. அடைப்பு எப்படி வருகிறது? கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுக்கள் குறியே காட்டாமல் மேலேறிக் குழாயின் உட்சுவரைத் தழும்பாக்குகின்றன. பல வேளைகளில் அத்தொற்றைக் கொண்டுவந்து கொடுத்தவன் கணவனே. பிரசவத்துக்குப் பின் கவனிக்காமல் விட்ட காய்ச்சலும் தொற்றும் அதையே செய்யும். காற்றோட்டமற்ற பத்தடி அறையில் ஆறேழு பேர் முடங்கும் லயத்தில் காசநோய் பரவுவது எளிது. அது நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே குழாய்களையும் தாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கருக்கலைப்பை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு எதற்கும் அனுமதிக்காத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பெண்களை மறைவான அறைகளுக்குத் துரத்துகிறது. அங்கிருந்து உயிரோடு திரும்புகிறவள் அடைபட்ட குழாய்களோடு திரும்பக்கூடும். பொலிசுக்குப் பயந்து காய்ச்சலைக்கூட அவள் வைத்தியரிடம் சொல்லமாட்டாள்.

கண்டறிவது பெரிய வித்தையன்று. கருப்பைக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சாயம் குழாய் வழியே வெளியேறுகிறதா என்று தெரிந்துவிடும். எச்.எஸ்.ஜி. என்பது அதுதான். அதற்கும் முன்னால் செய்யவேண்டியது கணவனின் விந்தைப் பரிசோதிப்பது. மகப்பேறில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது; பரிசோதனையோ மலிவானது, வலியற்றது. ஆனால் எந்தத் தோட்டத்தில் கணவனை முதலில் அனுப்பினார்கள்? மடுல்சீமை மலையிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோனால் ஒரு நாள் பேர் போய்விடும். ஒரே நாளில் காரியம் முடியவும் முடியாது. மாதவிடாய் நாட்களை எண்ணி, குறித்த நாளில் வரவேண்டும்; பின் முடிவுக்கு, பின் கிளினிக்குக்கு, பின் மீண்டும். ஒவ்வொரு தடவையும் கூலி போகும்.

கண்டறிந்த பிறகு? அடைப்பின் தன்மையைப் பொறுத்துச் சத்திரசிகிச்சை உதவலாம். இரு குழாய்களும் சிதைந்திருந்தால் உடலுக்கு வெளியே கருக்கட்டுவதே வழி. அந்தச் சிகிச்சை பிறந்ததே இந்நோய்க்காகத்தான். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அவளுடைய தாய் லெஸ்லியின் இரு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தன. ஓர் ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணின் அடைபட்ட குழாயைக் கடந்து செல்ல விஞ்ஞானம் வழி கண்டு இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை, அந்த ஆங்கிலேயன் தேயிலை நட்ட மலையில் பெண்ணின் திறந்த குழாயை அடைக்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று கொழும்பின் தனியார் நிலையங்களில் அந்தச் சிகிச்சை ஒருமுறைக்கே பல இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவ்விரு துயரங்களும் சந்திக்கும் இடமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தின் மலைகளை மீண்டும் சரித்தது. மண் எப்போது தலையில் விழும் என்று தெரியாத லயத்தில் மக்களைக் குடிவைத்துவிட்டு, இருக்கும் பிள்ளைகள் போதும் என நிரந்தரமாக முடிவெடுக்கச் சொல்வது எத்தகைய நியாயம்? பிள்ளையைப் பறிகொடுத்த பின் குழாயை மீண்டும் இணைக்கக் கேட்கும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் விடை என்ன? எஞ்சியுள்ள குழாயின் நீளத்தையும் அவளுடைய வயதையும் பொறுத்து மறுஇணைப்புச் சிகிச்சை சாத்தியமே. கட்டுவதற்கு லொறி அனுப்பியவர்கள் அவிழ்ப்பதற்கு ஒரு பஸ் டிக்கெட்டாவது தருவார்களா?

இது இலங்கைக்கு மட்டும் உரிய பாவமன்று. அவசரநிலைக் கால இந்தியாவில் 1976–77இல் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே ஒரே முகாமில் சில மணித்தியாலங்களில் 83 பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி கூறியது. 1958 முதல் இலங்கையின் குடும்பத் திட்டத்துக்குக் கைகொடுத்த நாடு சுவீடன். அந்நாடே தன் மக்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ததை ஒப்புக்கொண்டு, 1999இல் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்கச் சட்டம் இயற்றியது. உதவி பெற்ற நாம் அந்த நேர்மையையும் பெற்றுக்கொள்ளக் கூடாதா?

ஆகவே சில கோரிக்கைகள்.

கருத்தடைக்கான சம்மதம் பிரசவ வலியில் கேட்கப்படக் கூடாது. கர்ப்பகால கிளினிக்கிலேயே, தமிழில், பிற முறைகளையும் விளக்கி, யோசிக்க நாள் கொடுத்துக் கேட்கப்பட வேண்டும். இது நான் கண்டுபிடித்த விதியன்று. சர்வதேச மகப்பேற்று, பெண்ணோயியல் சம்மேளனம் 2011இல் வகுத்த நெறி. 1980 முதல் தோட்டங்களில் செய்யப்பட்ட எல்.ஆர்.டி. சிகிச்சைகளைப் பற்றிச் சுயாதீன விசாரணை ஒன்று வேண்டும். அப்பெண்கள் முதுமையடைந்து மறைந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டு கழித்து ஆணைக்குழு அமைத்தால் சாட்சி சொல்ல ஆளிருக்காது. மகப்பேறின்மைப் பரிசோதனைக்குச் செல்லும் நாட்கள், கணவன் மனைவி இருவருக்கும், சம்பளத்துடன் கூடிய நாட்களாக வேண்டும். இரு குழாய்களும் அடைபட்ட ஏழைப் பெண்ணுக்குச் செயற்கைக் கருக்கட்டல் அரச செலவில் கிடைக்க வழி வேண்டும்.

தொழிற்சங்கங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உங்கள் சந்தாவும் அவர்களுடைய கையிலிருந்துதான் வருகிறது. கூட்டு ஒப்பந்தங்களுக்காக இத்தனை ஆண்டுகள் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தீர்களே, ஒரு முறையாவது அந்தப் பெண்ணின் வயிற்றில் நடந்ததைப் பற்றிப் பேசினீர்களா?

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேல் என்ற மலையகத் தமிழ்ப் பெண்ணைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நூற்றாண்டுகளாக வாய்பொத்தி நின்ற பெண்களின் சார்பில் அங்கே ஒரு கேள்வி எழுப்பப்பட வேண்டும். 1980 முதல் ஊவாவில், தோட்ட வாரியாக, ஆண்டு வாரியாக, எத்தனை பெண்களுக்கு எல்.ஆர்.டி. செய்யப்பட்டது? அதே காலத்தில் எத்தனை தோட்டத்துப் பெண்களுக்கு எச்.எஸ்.ஜி. பரிசோதனை செய்யப்பட்டது? இரண்டு எண்களையும் சுகாதார அமைச்சு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சபையில் சமர்ப்பிக்கட்டும். மற்றதை அதற்குப் பிறகு பேசுவோம்.